ஏழாவது வாத்தியம்

சாய்ந்தமருதில் ‘ஜவுபர் சவுண்ட்ஸ்’ தெரியாத ஆள் ஒருவன் இருந்தால், அவன் நேற்றுத்தான் ஊருக்கு வந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இன்னொருவனுடைய குழல் ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்த ஜவுபர், அறுபத்தொரு வயதில் பதினாறு ஸ்பீக்கர் பொக்ஸுக்கும் இரண்டு லொறிக்கும் சொந்தக்காரர். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அம்ப்ளிபையரைக் கழற்றினார், கை சுட்டது, மறுபடி பூட்டினார், பாடியது. அவ்வளவுதான் அவருடைய படிப்பு. கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர் மூன்று மணித்தியாலம் தேடியும் பிடிபடாத இரைச்சலை, ஒரேயொரு வயரை மாற்றிக் குத்தி நிறுத்தியவர் அவர். அந்த இஞ்சினியர் எழும்பி வந்து கை கொடுத்ததைக் கண்ட சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் டிசம்பர் இருபத்தைந்தாம் திகதி அஸர் தொழுகைக்குப் பிறகு, கடையில் லப்டொப்புக்கு முன்னால், வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

வாங்க நினைத்தது சிந்தசைசர் மென்பொருள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் வாத்தியம் அது. மரமும் இல்லை, கம்பியும் இல்லை. கொரோனாக் காலத்தில் கல்யாணங்கள் நின்று பொக்ஸுகளில் பூஞ்சணம் பிடித்தபோது, யூடியூபைப் பார்த்து அவராகவே பழகிக்கொண்ட வேலை, இப்படிக் கம்ப்யூட்டரில் இசை செய்வது. அம்பியண்ட் என்பார்கள் அந்த இசையை. தாளமில்லை, பாட்டில்லை. ஒரு சத்தம் மெல்ல எழும்பி, விரிந்து, அறை முழுக்க நின்று, போகிற நேரம் தெரியாமல் போய்விடும். நாற்பது வருடமாக ஊரின் காதைப் பிளந்தவருக்கு அந்த மெதுவான சத்தம் எப்படியோ பிடித்துப்போனது. ஆறு மென்பொருள் வாங்கிவிட்டார். இது ஏழாவது. நாளைப் பகல் பன்னிரண்டு மணியோடு அரைவிலை முடிகிறது என்று திரையின் மூலையில் நிமிடங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

விலை ஒரு பிரச்சினையில்லை. அது இல்லாமல் நாளை மாலை ஊருக்கு முன்னால் எப்படி முகம் காட்டுவது என்பதுதான் பிரச்சினை.

இன்ஸாப் சேர் கணித ஆசிரியர், வாசிகசாலையின் செயலாளரும் அவர்தான். சுனாமிக்கு முந்திய கடற்கரைப் படங்களை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்து, ஆண்டு நினைவுக் கூட்டத்துக்காக நான்கு நிமிட வீடியோ ஒன்று செய்தார். பின்னணிக்கு ஒரு சத்தம் வேண்டுமென்று நவம்பரில் கடைக்கு வந்தார்.

“வாத்தியம் ஒண்டும் இருக்கப்படா காக்கா. மனிசக் குரல் எண்டாப் பரவாயில்ல. மௌத்தானவங்கட படமெல்லாம் வருது, பள்ளிவாசல்காரங்களும் பாப்பாங்க. ஆரும் ஒரு சொல்லுச் சொல்லப்படா.”

“குரல்தானே? கவலப்படாதீங்க சேர். ஜவுபர்ட தொண்டைக்குள்ள இல்லாத சத்தமா?”

உண்மையாகவே தன் குரலில்தான் செய்ய நினைத்தார். மூன்று நாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு முனகிப் பார்த்தார். மனைவி ஷாஹினா எங்கெங்கோ அலைந்து நல்ல தேன் ஒரு போத்தல் தேடி வந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். ஆனால் பதிந்ததைப் போட்டுக் கேட்டால், வயலுக்குள் புதைந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் மாதிரி இருந்தது. நான்காம் நாள், ஐந்தாவதாக வாங்கிய மென்பொருளைத் திறந்தார். அதில் கம்பனிக்காரன் செய்து வைத்த சத்தங்களின் பட்டியல் ஒன்று உண்டு. மனிதக் குரல் போலவே ஒன்று அகப்பட்டது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். நான்கு நிமிடம் பிடித்தால் விரல் உளையும் என்று, வயரில்லா மைக்கின் சதுரப் பற்றரியைத் தூக்கிக் கட்டையின் மேல் வைத்தார். பற்றரியின் பாரத்தில் அது பாடிக்கொண்டே இருந்தது. அவர் தேத்தண்ணி குடித்தார். பிறகு போனில் பிடித்த அலைச் சத்தத்தை மேலே கொஞ்சம் தூவி, அனுப்பிவிட்டார்.

“இது முழுக்க உங்கட குரலா காக்கா?” என்று இன்ஸாப் கேட்டார்.

“பின்ன? கடலும் நானும்தான்.”

வீடியோவின் முடிவில் இன்ஸாப் தெளிவாக எழுதிப் போட்டார்: ‘வாத்தியக் கருவிகள் எதுவும் பாவிக்கப்படவில்லை. குரல்: அல்ஹாஜ் ஜவுபர்.’ வட்ஸ்அப்பில் அது மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை போனது. தேத்தண்ணிக் கடையில் எழும்பி இடம் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னார், கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னார். தேன் குடித்தது, தொண்டை கட்டியது, கடைசியில் சுபஹுத் தொழுகைக்கு முந்திய ஒரே மூச்சில் சரிவந்தது என்று கதைக்குக் கையும் காலும் வைத்தார். ஒவ்வொரு தரமும் கதை கொஞ்சம் வளர்ந்தது.

ஒருவர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். கடற்கரை வீதியில் இருக்கும் சபியா உம்மா. பெண்கள் கூடி மௌலூது ஓதும் வீடுகளில் முப்பது வருடமாக முன்குரல் அவருடையது. சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்தப் பிள்ளைகள் முழங்காலளவு தண்ணீரில் நின்று சிரிக்கும் படம் வீடியோவில் இருந்தது. ஜவுபர் வீதியால் போகும்போது வாசல் படலைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

“தம்பி ஜவுபர், எத்தின பேரு சேந்து ஓதின?”

“நான் ஒராள்தான் ராத்தா.”

“ஒராளா?”

“ஒராள்தான்.”

சபியா உம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அல்லாஹ் பரக்கத்துச் செய்யட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பார்வையையும் பாராட்டு என்றே ஜவுபர் எடுத்துக்கொண்டார்.

போன கிழமை இன்ஸாப் மறுபடி வந்தார். “கூட்டத்தில நீங்களே மைக்கில ஓதிக் காட்டுங்க காக்கா. கல்முனைக்குடியில இருந்தும் ஆக்கள் வாறாங்க.”

“செஞ்சாப் போச்சு” என்றது ஜவுபரின் வாய். அது எப்போதும் அவருக்கு ஒரு அடி முன்னால்தான் நடக்கும்.

அதனால்தான் ஏழாவது வாத்தியம். ஐந்தாவதைச் செய்த அதே கம்பனியின் புதிய வெளியீடு. மைக்கில் என்ன முனகினாலும், அந்த இடத்திலேயே அதைப் பெரிய பாட்டுக்கூட்டமாக மாற்றித் தருமாம். மைக் அவருடையது, அம்ப்ளிபையர் அவருடையது. லப்டொப்பை மேசைத் துணிக்குக் கீழே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வாங்குமுன் சத்தத்தை ஒழுங்காகக் கேட்க வேண்டும். லப்டொப்பின் குட்டி ஸ்பீக்கரில் கேட்பது ஜவுபருக்கு மரியாதையில்லை. இரண்டு பெரிய பொக்ஸில் குத்தி, கம்பனியின் விளம்பர வீடியோவைப் போட்டார். நகத்துக்குப் பச்சை மை பூசிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து, பழைய மென்பொருளின் சத்தங்களும் இதோடு சேர்த்தி என்று காட்டுவதற்காக, ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினாள்.

ஜவுபரின் குரல் கடையை நிறைத்தது. அதே எழும்புதல், அதே விரிவு. அவள் கட்டையை விட்டதும் நின்றது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஷாஹினா மாக்கையோடு ஓடி வந்தாள்.

“இஞ்சருங்க, இது உங்கட சத்தம்தானே?”

ஜவுபர் பொக்ஸின் சத்தத்தைக் குறைத்தார்.

“நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேக்கிற, எனக்குத் தெரியாதா? இவளுக்கிட்ட என்னெண்டு போன?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேட்டவள் முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிசி.

“களவெடுத்திருக்கானுகள் போல” என்றார் ஜவுபர்.

“யா அல்லாஹ். கம்பனிக்காரனா?”

“வட்ஸ்அப்பில போட்டா உலகம் முழுக்கப் போகும்தானே.”

“நாசமாப் போவானுகள். தொண்ட கிழிய மூணு நாளாக் கெடந்து பாடுபட்டதை நான் கண்ணால கண்டன். இன்ஸாப் சேருக்கிட்டச் சொல்லி இங்கிலீசில ஒரு கடிதம் போடுவம். நீங்க சும்மா உட்டுருவீங்க, நான் உட மாட்டன்.” புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் மா ஒட்டிக்கொண்டது.

ஊருக்குச் சொன்ன பொய் இதுவரை ஊரோடு கிடந்தது. இப்போது அது வீட்டுக்குள் வந்து, அவருக்காக அழுது, அவருக்காகச் சண்டைக்கும் நிற்கிறது.

“பொறு, வாறன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கினார். வாங்கும் பொத்தான் திரையில் பச்சையாக நின்றது.

முதலில் யாரிடம் சொல்வது? இன்ஸாப் கணக்கு சேர், ஏன் எப்படி என்று படிப்படியாகக் கேட்பார். கால் கடற்கரை வீதிக்குத் திரும்பியது. சபியா உம்மாவின் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும்போதுதானே அந்தப் பற்றரி பாடியது.

சபியா உம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ராத்தா, ஒரு விஷயம் கதைக்கோணும்.”

“இரிங்க தம்பி.”

இருக்கவில்லை. “அந்த வீடியோவில வாற குரல் என்ட இல்ல. கம்ப்யூட்டர்ட. ஒரு கட்டைக்கு மேல பற்றரிய வச்சிட்டு நான் தேத்தண்ணி குடிச்சன்.”

“தெரியும்” என்றார் சபியா உம்மா. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னெண்டு?”

“நாலு நிமிசம் தம்பி. ஒருக்காலும் அது மூச்செடுக்கல்ல. நாங்க அஞ்சு பேரு ஓதினாலும், ஒராள் மூச்செடுக்கக்குள்ள மத்தாள் புடிச்சுக்கொள்ளோணும். அப்பிடித்தான் அறாமப் போகும். அதுக்குத்தான் எத்தின பேரு எண்டு கேட்ட. ரெண்டு பேரு எண்டு சொல்லியிருந்தாலும் பாதி நம்பியிருப்பன்.”

“அப்ப ஏன் ராத்தா ஒண்டும் சொல்லல்ல?”

“நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்தன். கூட்டத்துக்கு நாள் கிடக்குதே எண்டு நெனச்சன்.” ஒரு தண்டை முறித்துப் போட்டார். “தெருத்தெருவாச் சொல்லித் திரிஞ்சீங்க. பாக்கக் கவலையா இருந்திச்சு.”

ஜவுபரைப் பார்த்து ஊர் பொறாமைப்பட்டதுண்டு. சத்தம் கூடிப்போச்சு என்று ஏசியதுண்டு. கவலைப்பட்டதில்லை. ஒரு மாதமாக ஒரு மனிசி இந்தப் படலைக்குள் இருந்துகொண்டு அவருக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். அவரோ அதைப் பாராட்டு என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“சத்தம் நல்ல சத்தம்தான்” என்றார் சபியா உம்மா. “என்ட புள்ளைகள்ர படம் வரக்குள்ள நான் அழுதன். அது பொய்யில்ல.”

அதுதான் அவரை இன்னும் கூனிக்குறுக வைத்தது.

அங்கிருந்து போய்ச் சொன்னபோது, இன்ஸாப் ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. “வாத்தியம் இல்ல எண்டு நான்தானே காக்கா எழுதிப் போட்ட” என்றார். “பள்ளிவாசல்ல கேட்டவங்களுக்கும் வாயால சொன்னன்.” பிறகு, “நாளைக்கு நான் என்னெண்டு சொல்ற?” என்றார்.

“நான் சொல்றன் சேர். மைக்கும் என்டதானே.”

வீட்டில் ஷாஹினாவிடம் சொன்னதுதான் கடினம். சொல்லி முடிக்கும்வரை அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“அப்ப அந்தப் பொண்ணு?”

“அவனுகள்ர சத்தம்தான். எடுத்தது நான்.”

ஷாஹினா மேசையிலிருந்த தேன் போத்தலை எடுத்து மூடியை இறுக்கி, அலுமாரிக்குள் வைத்தாள். அன்று அவரிடம் அதற்குமேல் அவள் கதைக்கவில்லை.

அடுத்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜவுபர் வாசிகசாலையில் ஏணியில் நின்று வயர் கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் மணிக்கூடு இருந்தது. பார்த்தார். இறங்கவில்லை.

அஸருக்குப் பிறகு கதிரைகள் நிறைந்தன. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் சபியா உம்மாவும், மூன்று கதிரை தள்ளி ஷாஹினாவும் இருந்தார்கள். ஜவுபர் மைக்குக்கு முன்னால் வந்தார். நாற்பது வருடமாகச் சொல்வதைச் சொன்னார்: “ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூணு.” பிறகு அதே குரலில், “வீடியோவில வந்த குரல் என்ட குரல் இல்ல. அது கம்ப்யூட்டர் வாத்தியம். பொய் சொன்னது நான். இன்ஸாப் சேருக்குத் தெரியா” என்றார்.

ஜவுபர் பூட்டிய பொக்ஸில் ஒரு சொல்லும் சிந்துவதில்லை. கடைசி வரிசைக்கும் கேட்டது, வீதியில் நின்ற ஓட்டோக்காரனுக்கும் கேட்டது.

“அப்ப தேன் குடிச்சதும் பொய்யா காக்கா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

“தேன் குடிச்சது உண்மை.”

மண்டபம் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஷாஹினா இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

படங்களைச் சத்தமில்லாமல் போட்டார்கள். வேலையில்லாத கையை அம்ப்ளிபையரின் மேல் வைத்துக்கொண்டு ஜவுபர் நின்றார். “இது எங்கட தோணி” என்றது ஒரு குரல். “அந்தா, பழைய ஐஸ் கொம்பனி” என்றது இன்னொன்று. முழங்காலளவு தண்ணீரில் இரண்டு பிள்ளைகள் சிரித்தபோது, முன்வரிசையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது மண்டபம் முழுக்கக் கேட்டது. நான்கு நிமிடமும் அவருடைய பொக்ஸ் ஒன்றுக்கும் தேவைப்படவில்லை.

பொருட்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து லப்டொப்பைத் திறந்தார். கம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அவருக்குத் தெரிந்த இங்கிலீசுக்கே அது விளங்கியது: அரைவிலை இன்னும் மூன்று நாளைக்கு. மூலையில் நிமிடங்கள் மறுபடி முதலிலிருந்து இறங்கின.

தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்த ஷாஹினா திரையை எட்டிப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் கதைத்த முதல் கதை அதுதான்.

“இண்டைக்குப் பகலோட முடியுது எண்டானுகள், இல்லியா?”

“ஓம்.”

“பொய்க்காரனுகள்.”

வேறு நாளாக இருந்தால் ஜவுபர் அவர்களை ஏழு தலைமுறைக்கு ஏசியிருப்பார். இன்று வாய் வரவில்லை. மின்னஞ்சலை அழித்துவிட்டு, லப்டொப்பை மூடி, தேத்தண்ணியை எடுத்தார்.