சுவிஸ்காரியோடு தாயம் போட்டது

சண்டைக் காலத்தில் என்னைச் சுவிஸுக்குக் கூப்பிட இரண்டு பேர் துடித்தார்கள். ஒருவன் என் மகன். மற்றவள், அவன் இருக்கிற ஊரிலேயே இருக்கிற என் சிநேகிதி. பழுகாமத்தில் என்னோடு புளியங்கொட்டை உரைத்துத் தாயம் விளையாடி, கலியாணம் கட்டி யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பனிக்குள் போனவள். மகன் அனுப்பிய விசாக் கடிதத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. தடக்காமல் எனக்கு எழுத வந்தது என் பெயர் ஒன்றுதான். அதைக் கண்ட கடிதத்தில் எல்லாம் வைக்கலாமா?

மகன் அவளை ஏவிவிட்டான். அவள் பந்தயம் கட்டினாள்.

"தாயத்தில நான் வெண்டா நீ கையெழுத்து வைக்கணும். நீ வெண்டா உன்ட மகன் இனி வாய் திறக்க மாட்டான்."

அவளிடம் நான் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. "ஓம்" என்றேன்.

ஞாயிறுகளில் தோணி ஏறி, வாவிக்கு அந்தப் பக்கம் இன்டர்நெட் கடை இருந்த எழுவான்கரைக்குப் போவேன். காவலில் நின்ற ஆமிக்காரர் என் தகரப் பேணியைத் திறந்து, நாலு புளியங்கொட்டையையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். நாட்டைக் காப்பது லேசுப்பட்ட வேலையா?

இன்டர்நெட் கடையில் கொம்பியூட்டருக்குள் அவளுடைய முகம் தெரியும், பலகை தெரியாது. என் பலகையும் அவளுக்குத் தெரியாது. அவள் போட்ட எண்ணைச் சொன்னால் நான் என் பலகையில் அவளுடைய காயை நகர்த்துவேன். நான் சொன்னதை அவள் அங்கே நகர்த்துவாள். பொய் சொல்லாத இரண்டு பேருக்கு இது போதும்தானே.

முதல் ஞாயிறே, "வெட்டிட்டன்!" என்று கத்தினாள். என் பலகையில் அவளுடைய காய் என் காய்க்கு நாலு கட்டம் பின்னால் நின்றது.

"எதைக்கா வெட்டினாய்? பனியையா?"

"வயசு போனா எண்ணத் தெரியாது. கண்ணாடியைப் போடு புள்ள."

"எனக்கு வாவியில மீன் துள்ளுறதே தெரியுது. நீதான் சீஸ் திண்டு மூளை உறைஞ்சு போனாய்."

இப்படியே மூன்று ஞாயிறு. நடுவில் ஒருநாள், நான் தோணி ஏறி வந்த படுவான்கரைப் பக்கம் ஷெல் விழுந்து வெடித்தது. கடைக்குள் எல்லோரும் குனிந்தோம்.

"என்னகா சத்தம்?" என்றாள், முகம் வெளுத்து.

"நீ தாயம் போட்டதுக்கு வெடி கொளுத்துறாங்க. மறுகா போடு."

அவள் போடவில்லை. "கையெழுத்தை வையன் புள்ள" என்றாள். "வெண்டுபோட்டுக் கேள்" என்றேன்.

மூன்றாம் ஞாயிறு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வென்றோம்.

"என்ட காய் எல்லாம் பழம்! பேனையை எடு!"

"எது பழம்? உன்ட ரெண்டு காய் இன்னும் தெருவில நிக்குது!"

கடையை நடத்திய பெண் காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அம்மா, ரெண்டு பேரும் பலகையைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டுங்களன்."

தூக்கினோம். என்னுடையதில் வரிசைக்கு ஏழு கட்டம், பழுகாமத்தில் நாங்கள் கீறியது போல. அவளுடையதில் ஐந்து.

"இது என்னகா? சுவிஸில காணிப் பஞ்சமா?"

"மாமி வீட்டில இப்பிடித்தான் கீறுவாங்க" என்றாள். நாற்பது வருடம் மாமியாரின் கட்டத்தில் ஓடியிருக்கிறாள். ஏழு கட்டம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. மூன்று கிழமையாக ஆளுக்கொரு தெருவில் நடந்துகொண்டு, ஒருத்தியை ஒருத்தி கள்ளி என்று ஏசியிருக்கிறோம்.

அவளுக்குப் பின்னாலிருந்து மகன் தலையை நீட்டினான். "அப்ப ஆரம்மா வெண்டது?"

"ஒருத்தரும் வெல்லல்ல. அவவை ஏழு கட்டம் கீறச் சொல்லு. அதில என்னை வெண்டா அண்டைக்கே கையெழுத்து."

அவள் கீறினாள். எந்த மூலையால் உள்ளே திரும்புவது என்று என்னிடமே கேட்டாள். சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்; கள்ள வழி காட்டி வெல்ல வேண்டிய நிலையில் நான் இல்லை. சண்டை முடியும்வரை ஞாயிறு தவறாமல் விளையாடினாள், ஞாயிறு தவறாமல் தோற்றாள். மகன் அனுப்பிய கடிதத்தைக் கறையான் தின்றது, கையெழுத்து இல்லாமலே.