முழுத்தட்டு வாங்கிய குதிரை

பத்து லிட்டர். இதை மறக்காதீர்கள். ஒரு குதிரையின் இரைப்பை ஏறத்தாழ அவ்வளவுதான் கொள்ளும். நானூறு கிலோ எடை, ஆளை மறைக்கும் உயரம், ஆனால் உள்ளே இருக்கும் பை ஒரு வாளி அளவு.

முழுத்தட்டு என்று நாங்கள் கூப்பிட்ட மனிதர் கையாண்ட பாத்திரங்களில் சின்னதே அறுபது லிட்டர் பிடிக்கும்.

அவர் எங்கள் நூற்பாலை கேன்டீனின் சமையல்காரர். பட்டப்பெயர் ஒரு வேலைநிறுத்தத்தில் வந்தது. அப்போதெல்லாம் கேன்டீனில் நிர்வாகம் கொடுத்த அளவுக் கரண்டிதான். ஆளுக்கு ஒன்று. ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்த்தவன் இரண்டாவது கரண்டி கேட்டால் மேற்பார்வையாளர் பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "அளவுக் கரண்டி ஒழிக, முழுத்தட்டு கொடு" என்று துண்டறிக்கை போட்டோம், வெளியே வந்தோம், ஜெயித்தோம். அந்தக் கரண்டியை வாசலில் போட்டு மிதித்து நசுக்கியவர் இவர். அதன்பிறகு இவர் கேன்டீனில் ஒருவரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை. கோரிக்கை சரியானது. இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது மனிதர்களுக்காக எழுதிய கோரிக்கை.

பிறகு ஆலையை மூடினார்கள். எந்திரம், மின்விசிறி, நாற்காலி எல்லாம் முற்றத்தில் ஏலத்துக்கு வந்தன. கடைசியில் முதலாளி மகள் சவாரி செய்த பெண்குதிரையையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மகள் வெளிநாடு போய்விட்டாள். குதிரையும் தட்டுமுட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

முழுத்தட்டு பாத்திரம் எடுக்கத்தான் போனார். குதிரையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. புதிதாகக் குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்க்க வேண்டும், குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இவர் பார்த்தது வயிற்றை.

"ஒட்டிப் போயிருக்கே. சோறு போட்டாங்களா இல்லையா?"

குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த லாயக்காரன் சிரித்தான். அவனுக்கும் அன்றோடு வேலை போயிற்று.

"இல்லண்ணே, இதான் சரியான உடம்பு. விலா கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. நாள் பூரா காஞ்ச புல்லு மெல்லட்டும். தானியம் ஒரே ஒரு படி. ஓட்டம் இல்லாத நாள்ல அதுவும் வேணாம். நல்லாப் பாத்துக்கிட்டா இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்."

"படியா? அளந்தா போடுவீங்க?"

"அளந்துதாண்ணே போடணும்."

"யார் சொன்னது, முதலாளியா?"

"குதிரைய வந்து பாக்குற டாக்டரம்மா சொன்னது."

"அந்தம்மாவுக்குச் சம்பளம் யார் குடுத்தது?"

லாயக்காரன் பதில் சொல்லவில்லை. விவாதம் முடிந்துவிட்டதாக முழுத்தட்டு நினைத்துக்கொண்டார். சங்கத்தில் பழகியவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எதிராளி வாயை மூடினால் விஷயம் நமக்குச் சாதகம்.

அறுபது லிட்டர் பாத்திரமும் குதிரையும் ஒன்றாக வீடு வந்து சேர்ந்தன. அவர் மனைவி தையல்காரி. எந்திரத்தை நிறுத்தாமலே பார்த்தாள்.

"ஊர்ல ரிட்டயர் ஆனவன் சைக்கிளை விட்டு ஸ்கூட்டர் வாங்குறான். உங்களுக்கு முதலாளி வீட்டுக் குதிரை கேக்குதா?"

"முப்பது வருஷம் சமைச்சேன். ஒருத்தனாவது உப்பு சரியா இருக்குன்னு சொல்லியிருப்பானா? இது வாயே திறக்காது பாரு."

"அப்ப உங்களுக்கு ஏத்த ஜோடிதான். நான்தான் தப்பா வந்து சேந்துட்டேன்."

பின்பக்கத்து லாரிக் கொட்டகையைச் சுத்தம் செய்து வைக்கோல் பரப்பினார். குதிரைக்குப் பாப்பா என்று பெயர் வைத்தார். சோம்பேறித்தனமாக வளர்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் சாணம் அள்ளுவார். குளம்புக்குள் சிக்கிய கல்லைக் கொக்கியால் எடுப்பார், பிரஷ் போட்டுத் தேய்ப்பார், தொட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றுவார். பாப்பா அவர் தோளில் மூக்கை வைத்து மூச்சு விடும். அப்போது மட்டும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொள்வார்.

சவாரிக்கு மட்டும் விடவில்லை. "ஒருத்தியைச் சுமந்தது போதும், இனி உக்காந்து சாப்பிடட்டும்" என்றார். பாத்திரத்தில் பார்லியும் மக்காச்சோளமும் வெந்தன. காலி செய்தால் மறுபடி நிறைத்தார். குதிரை போதும் என்று சொல்லாது. அதற்குச் சொல்லத் தெரியாது.

பழைய ஆட்கள் பார்க்க வந்தோம். மேனி எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. பிடரிக்குக் கீழே கழுத்து மடிப்பாகத் தடித்திருந்தது.

"மாமா, கழுத்தப் பாரு, அப்படியே முதலாளி கழுத்து" என்றான் எங்கள் பழைய ஃபிட்டர்.

"முழுத்தட்டுடா. சாப்பிட்டா கழுத்து வரும். உனக்குத்தான் வரவே இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அந்தக் கழுத்துதான் நோயின் முதல் அடையாளம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு காலை பாப்பா விநோதமாக நின்றது. முன்னங்கால்களை நீட்டிவைத்து, உடம்பு பாரத்தைப் பின்னால் சாய்த்து, சுடுகல்லில் நிற்பதுபோல். ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. தெம்பில்லை என்று முழுத்தட்டு முடிவு செய்தார். சூடாகப் பார்லிக் கஞ்சி காய்ச்சி வைத்தார். அதையும் நக்கித் தீர்த்தது.

அவர் மனைவிதான் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் போய் லாடக்காரரை அழைத்து வந்தாள். அவர் குளம்பில் கை வைத்தார், உடனே எடுத்தார்.

"கொதிக்குதே. தீனி யார் வெக்கிறது?"

"நான்தான்."

"எவ்வளவு?"

முழுத்தட்டு பாத்திரத்தைக் காட்டினார். லாடக்காரர் அதை எட்டிப் பார்த்தார், அப்புறம் இவரைப் பார்த்தார். "டாக்டரம்மாவக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

லாயக்காரன் சொன்ன அதே டாக்டரம்மா. வேலையில்லாமல் நின்று தானியமாகத் தின்றதில் குளம்புக்குள் வீக்கம், உள்ளே இருக்கும் எலும்பு பிடி விட்டுக் கீழே சரிகிறது என்றார். தானியத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். தண்ணீரில் ஊறவைத்த புல் மட்டும். காலுக்கு ஐஸ் தண்ணீர். முழுத்தட்டு முழங்கால் போட்டு உட்கார்ந்து ஊற்றினார். குதிரை காலிப் பாத்திரத்தை முகர்ந்துவிட்டு அவர் சட்டையை இழுக்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆயுளில் முதல்முறையாக ஓர் உயிருக்கு இல்லை என்று சொன்னார். சொன்னபோது காலம் கடந்திருந்தது. எலும்பு அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"இனி நிக்கவும் முடியாது, படுத்தாலும் வலி. ஊசி போட்டு அனுப்பிடலாம்" என்றார் டாக்டரம்மா.

"இவ்வளவு வலின்னா கத்தியிருக்குமே. சத்தமே போடலையேம்மா."

"குதிரை வலிக்குதுன்னு கத்தாதுங்க."

முழுத்தட்டு குதிரையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். "போடுங்க" என்றார். ஊசி இறங்கும்வரை அதன் தலையை மடியில் வைத்திருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

குழி தோண்ட நாங்கள் போனோம். லாயக்காரனும் வந்தான். "நான் சொன்னேனேண்ணே" என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை. மண் தள்ளி முடிந்ததும் முழுத்தட்டுதான் கேட்டார்.

"இருபத்தஞ்சு வருஷம்னு சொன்னியே. இதுக்கு எத்தன வயசுப்பா?"

"ஏழுண்ணே."