கூடத்துக்குள் ஓடிய ரசியா பேகம்

கூத்தாநல்லூரில் ரசியா பேகம் வீட்டு மாடியில் நான் ஆறு வருஷம் குடியிருந்தேன். அக்னஸ் என்று என் பெயரைச் சொல்லி அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். எனக்கு அவர் அக்கா. தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டைக் காட்டி, சவுதிச் சம்பாத்தியம் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய நாளிலிருந்து கடைசி ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிய நாள்வரை வெயிலில் நின்று கட்டியவர் ரசியா அக்கா. படுத்த படுக்கையாய் இருந்த மாமியாரைத் தஞ்சாவூருக்கும் ஊருக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவரும் அவர்தான். ஒரே மகள் ஹுமைராவுக்கு மாப்பிள்ளை பார்த்து, கல்யாணம் முடித்து, சிங்கப்பூருக்கு அனுப்பி வைத்ததும் அவர்தான். கணவர் காதர் மைதீன் அந்தக் கல்யாணத்துக்கு லீவில் வந்தார், வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார், மெஹந்தி அழிவதற்குள் திரும்பப் போய்விட்டார்.

அவர் சவுதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். போனது தன் கல்யாணம் ஆன மறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டி பிரிப்பார், பெட்டி கட்டுவார். 2011ஆம் வருஷம் அங்கேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்சுக்குள் குழாய் வைத்து, கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இனிமேல் இங்கேதான் என்று ஆகிவிட்டது.

வந்த மனிதர் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. திருவாரூர் டாக்டர் அடைக்கலராஜ் முதல் நாளே சொல்லியிருந்தார், "மாத்திரை பாதிதாங்க. மீதிப் பாதி நடைதான். தெனம் நடங்க." ஒருநாள் நடக்கப் போனார். பள்ளிவாசல் முனை தாண்டுவதற்குள் எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எப்ப வந்தீங்க? எப்பப் பயணம்?" எங்கள் ஊரில் அது நலம் விசாரிப்பது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். திரும்பி வந்தவர் மறுநாள் செருப்பைத் தொடவில்லை. சோபாவில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை நியூஸ் பார்த்தார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "தண்ணி எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவார். அவருடைய வீட்டுத் தண்ணீர்.

"என்ன டீச்சர் செய்றது?" என்று அக்கா என்னிடம் ஒருநாள் மாடிப்படியில் கேட்டார். "பேசவும் மாட்டேங்குறாங்க, நடக்கவும் மாட்டேங்குறாங்க. இருபத்தஞ்சு வருஷமா போன்லயே பேசிப் பழகிட்டோம். நேர்ல என்ன பேசுறதுன்னு எனக்கே தெரியல."

அக்காவுக்கும் உடம்பு சரியில்லை. சர்க்கரை இருந்தது. மூட்டுவலியால் படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். கனத்த உடம்பு.

ஹுமைரா சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த நெய்னா முகம்மது என்ற உறவுக்காரரிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினாள். பிரித்தால் உள்ளே ஒரு வீடியோ கேம் மிஷினும், அதோடு டிவிக்குக் கீழே வைக்க நீளமான ஒரு கேமராவும் இருந்தன. கையில் பிடிக்க எதுவும் கிடையாது. கேமராவுக்கு முன்னால் நின்று நாம் கையைக் காலை ஆட்டினால் திரையில் இருக்கிற பொம்மை ஆடும். டிவி மெக்கானிக் கோவிந்தராசு வந்து வயர் மாட்டிக் கொடுத்தார். ஹுமைரா போனில் சொன்னாள். "அத்தா, வெளிய போக வேணாம். வீட்டுக்குள்ளயே வெளயாடுங்க. வேர்த்தா போதும்."

"சின்னப் புள்ளைங்க வெளயாட்டும்மா அது" என்றார் காதர் மைதீன். அத்தோடு செய்தித்தாளை விரித்துவிட்டார்.

மகள் காசு போட்டு அனுப்பியது சும்மா கிடக்கிறதே என்று அக்காதான் அதன் முன்னால் போய் நின்றார். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. திரையின் ஓரத்தில் நிற்கிறவரின் நிழல் தெரிய வேண்டும். அக்காவின் இடுப்புக்கு மேலே தெரிந்தது, கீழே ஒன்றுமில்லை. சேலைக்குள் இருக்கிற கால்கள் அந்தக் கேமராவுக்குப் புரியவில்லை. ஹுமைராவைக் கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டு, "என் பழைய சுடிதார் பீரோல இருக்கும்மா" என்றாள். அது எங்கே பத்தும். அக்கா பக்கத்துத் தெருத் தையல்காரம்மாவிடம் அளவு கொடுத்துப் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் சுடிதார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

நான் முதலில் பார்த்தது ஒரு சனிக்கிழமை. மேலே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கீழே தொம் தொம் என்று சத்தம். அக்காதான் விழுந்துவிட்டாரோ, காதர் மைதீன் அண்ணனுக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதோ என்று படியில் ஓடி வந்தேன். கூடத்தில் டீப்பாயைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரசியா அக்கா குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார். திரையில் எதிராளி பொம்மை ஒன்று. அக்காவின் இடது கை முகத்துக்கு முன்னால் மறைத்திருந்தது, வலது கை போய்ப் போய் வந்தது. தலையைச் சாய்த்து அந்தப் பொம்மையின் குத்துக்குத் தப்பினார். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? கழுத்தெல்லாம் வியர்வை. எதிராளி மல்லாந்து விழுந்ததும் திரைக்குள்ளே கூட்டம் ஆர்ப்பரித்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். திரை ஓரத்து நிழலும் அதேபோல் தோள் ஏறி இறங்க நின்றது.

"பாருங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார். கையைத் தூக்கினார். நிழலும் தூக்கியது. விரலை விரித்தார். "இது நான்தான். நான் இங்க நிக்கிறேன்னு அதுக்குத் தெரியுது."

நானும் அந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காதர் மைதீன் அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் மடியில் கிடந்தது. அவர் டிவியைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாத ஊரில் ரயிலை விட்டு இறங்கியவர் ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அந்த விளையாட்டு நடுவில் போட்டோவும் எடுத்துவிடும். முடிந்ததும் நம் முகத்தைத் திரையில் காட்டும். அதைப் பார்த்து அக்கா பதறிப்போனார். சிங்கப்பூரில் யார் வீட்டு டிவியிலாவது தெரியுமோ என்று பயம். எங்கேயும் போகாது, பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்று ஹுமைரா அடித்துச் சொன்ன பிறகுதான் அமைதியானார். அந்தப் போட்டோக்களை அண்ணன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் ஒருநாள் கண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு ஒன்று, தாவும்போது தரையில் கால் படாமல் ஒன்று. அவர் கையில் இத்தனை வருஷமாக இருந்ததெல்லாம் ஸ்டுடியோவில் முக்காடு போட்டு நேராக நின்று எடுத்த படங்கள்தான்.

அண்ணன் எப்போது சோபாவை விட்டு எழுந்தார் என்பதை அக்கா எனக்குச் சொன்னார். ஒரு காலையில் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது திரையோரத்தில் இரண்டாவது நிழல் ஒன்று வந்து நின்றதாம். திரும்பிப் பார்க்காமலே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மட்டை என் மேல படும்" என்றாராம்.

"மட்டைதான் இல்லையே."

"கை படும்ல?"

டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அண்ணன் முதலில் பந்து உருட்டுகிற ஆட்டம் மட்டும் ஆடினார். பிறகு டேபிள் டென்னிஸ். அக்காவிடம் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். மாடியில் எனக்குக் கேட்கும். "இது போங்கு. நீ முன்னாலயே அடிச்சே." "நான் அடிக்கல, மிஷின் சொல்லுது. மிஷின்ட்ட கேளுங்க." அந்த வீட்டில் இரண்டு பேர் பேசுகிற சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பிறகு 2012 வந்தது. அந்த வருஷக் கரண்ட் கட்டு டெல்டாவில் இருந்த யாருக்கும் மறக்காது. வந்தால் ஒரு மணி நேரம், போனால் எப்போது வரும் என்று தெரியாது. பம்புசெட் ஓடாமல் வயல் காய்ந்தது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஏறுவதற்குள் அடுத்த கட்டு வந்துவிடும். ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் கீழே அவர்களோடு இருந்தேன். அக்காவுக்கும் அண்ணனுக்கும் மும்முரமாக ஆட்டம். வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு அண்ணன் ஜெயிக்கிற மாதிரி இருந்தது. டப்பென்று கரண்ட் போனது. டிவி கறுத்துவிட்டது. மின்விசிறி ஓய்ந்தது.

அண்ணன் கையைத் தொங்கப்போட்டார். "போச்சு. ஜெயிச்சிருப்பேன்" என்று சோபாவைப் பார்த்து நடந்தார்.

"எங்க போறீங்க? பந்து உங்ககிட்டதான் இருக்கு" என்றார் அக்கா.

அவர் நின்றார். அக்கா டிவிக்கு முதுகைக் காட்டி, கணவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். முழங்கால் மடக்கி, கையைத் தயாராக வைத்துக்கொண்டு. "அடிங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் இடது கையால் காற்றில் எதையோ தூக்கிப் போட்டு வலது கையால் அடித்தார். அக்கா ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து அதைத் திருப்பி அடித்தார். "இடது பக்கம்" என்றார். அண்ணன் இடது பக்கம் பாய்ந்தார். "எட்டிருச்சு" என்றார். அடித்தார். அப்படியே போனது. பந்து இல்லை, மேஜை இல்லை, எண்ணிக்கை சொல்ல மிஷினும் இல்லை. வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்த அளவுதான். ஆனால் அந்தப் பந்து எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அக்கா கை வீசினால் அண்ணன் தலை அந்தப் பக்கமே திரும்பியது. ஒருதரம் அக்கா அடித்தது உயரமாகப் போனதென்று இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். பதினெட்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். இல்லாத ஒன்றை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் அண்ணன் பந்தைத் தவறவிட்டார். தவறவிட்டேன் என்று அவரே சொன்னார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இத்தன வேகம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"எட்டாங் கிளாஸ் வரைக்கும் ஸ்கூல்ல ஓட்டத்துல நான்தான் முதல்" என்றார் அக்கா. "வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க. அப்பறம் ஓடவே இல்ல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க லீவுல வருவீங்க. அந்த நாள்ல எதைத்தான் சொல்றது?"

அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. முதலில் அக்காவிடம் கொடுத்தார்.

அதற்கு அப்புறம் கட்டு வந்தால் அவர்கள் நிறுத்துவதே இல்லை. தெருப் பெண்கள் சிலர் சாயங்காலம் வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேருடைய வீட்டுக்காரர்கள் வளைகுடாவில். வாசல் கதவைச் சாத்திவிட்டு, வெளியே வரும்போது உடம்பை மூடிப் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றி மடித்து வைப்பார்கள். பிறகு மேலே எனக்குத் தரை அதிரும். எல்லாரும் நின்ற இடத்திலேயே ஓடுவார்கள். ரசியா அக்காதான் முன்னால். அந்த நேரத்தில் அண்ணனுக்கு வீட்டில் இடமில்லை. வேறு வழியில்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கப் போனார். "எப்பப் பயணம்?" என்று கேட்டவர்களிடம், "பயணமெல்லாம் முடிஞ்சுதுங்க. வீட்டுல பொம்பளைங்க ஓடுறாங்க, அதான் வெளிய வந்தேன்" என்றாராம். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அடுத்த தடவை திருவாரூர் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் அடைக்கலராஜ் இரண்டு பேரின் ரத்தப் பரிசோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணனுடையது நன்றாக இருந்தது. அக்காவுடையது அதைவிட நன்றாக இருந்தது. "யாரும்மா நீங்க, போன வருஷம் படி ஏற முடியலன்னு சொன்னவங்களா? என்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

அக்கா வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டார். அண்ணன்தான் சொன்னார். "பாக்ஸிங் பண்ணுறா டாக்டர்."

டாக்டர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டு அக்காவை இன்னொரு முறை பார்த்தார். "மூட்டு பத்திரம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறு வருஷம் மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி அந்த மிஷின் கருகிப்போனது. கோவிந்தராசு திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று மூடிவிட்டார். புதிதாக அனுப்புகிறேன் என்றாள் ஹுமைரா. அக்கா இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வருஷம் எனக்குப் பேராவூரணிக்கு மாற்றல் வந்தது. சாமான்களை முதலிலேயே அனுப்பிவிட்டு, காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். வெண்ணாற்றுப் பாலம் ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரை மேல், பனி விலகாத பாதையில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பின்னால் காதர் மைதீன் அண்ணன் வேகமாக நடந்து வந்தார். அவர்களைக் கூப்பிட்டுக் கையசைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஓட்டத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா நிற்கவில்லை.