சோழவந்தான் ஓட்டலில் மூன்று குவியல் உப்பு

பஞ்சாலையில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் ஓடும் ஷெட்டுக்குள் முதல் நாள் நுழைகிறவனுக்குப் பக்கத்து ஆளின் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. அம்புட்டு இரைச்சல். அதனால் நாங்கள் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வோம். மெஷினை நிறுத்த ஒரு சைகை, நூல் சுற்றும் பாபினை மாற்ற ஒரு சைகை, மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒரு சைகை. யாரும் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பழக வேண்டியதுதான்.

என்னோடு வேலை பார்த்த காதர் பாய் நல்ல வேலைக்காரர், ஆனால் அவருக்குக் காது மெல்ல மெல்ல மந்தமாகிவிட்டது. ஷெட்டுக்குள் எல்லாம் சைகை என்பதால் அது வெளியே தெரியவில்லை. எனக்கும், எங்களோடு வேலை பார்த்த முத்திருளனுக்கும் மட்டும் தெரியும். காது போனவனுக்கு மில்லில் சீட்டுக் கிழித்துவிடுவார்கள் என்பது அந்தக் காலத்துப் பயம்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தின கோடை அது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த இளவயது சூப்பர்வைசர் என்னையும் முத்திருளனையும் கூப்பிட்டார். "மேஸ்திரி வேலைக்கு ஒரு ஆள் போடணும். காதர் பாயைத்தான் மனசுல வெச்சிருக்கேன். சத்தமில்லாத இடத்துல உட்கார்ந்து அவரோட நாலு வார்த்தை பேசணும். ஞாயித்துக்கிழமை சோழவந்தான் ஓட்டலுக்குப் போவோம், எல்லாரும் வாங்க" என்றார்.

நான் சைகையில் சொன்னதும் காதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அங்கன மெஷின் இல்லையே! நான் என்ன செய்வேன்? மேஸ்திரி வேலை போனாப் போகட்டும், இருக்கிற வேலையும்ல போயிரும்" என்றார்.

"நான் எதுக்க உக்காந்துக்கிறேன். அவர் கேக்குறதைக் கையில சொல்லிருதேன். நீ பதிலை மட்டும் சொல்லு" என்று கையாலேயே தைரியம் கொடுத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் ரயிலில் போய் இறங்கினோம். அந்த ஓட்டல் முன்காலத்தில் ராணி ஒருத்தி வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய சத்திரம். கல் தூண்கள், குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. வெற்றிலைக் கொடிக்கால் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. உள்ளே சாதிக்கொரு பந்தி உண்டு. எங்கள் ஆட்கள் பிரிந்து உட்கார மாட்டார்கள் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லிவிட்டதால், பின்கட்டு வேப்பமரத்தடியில் எங்களுக்கு இலை போட்டார்கள்.

அந்த அமைதியில் இலை சரசரப்பதுகூடக் கேட்டது. சூப்பர்வைசர் காதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதிரே.

"எத்தனை வருஷமா ரிங் பிரேம்ல இருக்கீங்க?" என்றார். நான் விரலைக் காட்டினேன். காதர் பதில் சொன்னார். அடுத்த கேள்விக்கும் தப்பித்தோம்.

அப்புறம், "நூல் அடிக்கடி அறுந்தா முதல்ல எதைப் பார்ப்பீங்க?" என்றார். நூல் அறுவதற்கு எங்கள் சைகை, இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளிக் காட்டுவது. காட்டினேன். பரிமாறுகிறவர் நான் உப்புக் கேட்கிறேன் என்று நினைத்து, விறுவிறுவென்று வந்து என் இலையில் ஒரு குவியல் வைத்துவிட்டுப் போனார். குறுக்கே அவர் நின்றதால் காதருக்கு என் கை தெரியவில்லை. திரும்பக் கிள்ளிக் காட்டினேன். திரும்ப உப்பு. மூன்றாம் தடவையும் அதேதான்.

"ஏண்ணே, ஊறுகாயா போடப் போறீக?" என்று முத்திருளன் வெடித்துச் சிரித்தான்.

சூப்பர்வைசர் என் இலையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பதில் சொல்லாமல் விழித்துக்கொண்டிருந்த காதரையும் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

காதர் இலையை விட்டு எழுந்தார். "எனக்குக் காது கேக்காதுங்க. ரெண்டு வருஷமாச்சு. இவுக மேல தப்பில்ல, எனக்காகத்தான் செஞ்சாக" என்றார்.

சூப்பர்வைசர் காதரின் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். என் பக்கம் திரும்பினார். "ஷெட்டுக்குள்ள எனக்கு மட்டும் காது கேக்குதா? வந்த நாளா நீங்க கையில பேசுறது ஒண்ணும் புரியாம நான்தான் முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். வெக்கப்பட்டு யார்கிட்டயும் கேக்கல. மேனேஜர்கிட்ட இவருக்காக நான் பேசுறேன். ஆபீஸுக்குள்ள இவர் வர்றப்ப நீங்க கூட வரணும். சம்மதமான்னு கையாலயே கேளுங்க."

கேட்டேன். காதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். "மொதல்ல உக்காந்து சாப்பிடச் சொல்லுங்கண்ணே, ரசம் ஆறுது" என்றான் முத்திருளன்.

மேனேஜர் லேசில் சம்மதிக்கவில்லை. சூப்பர்வைசர் விடவும் இல்லை. ஆடி பிறக்கும் முன்பே காதர் பாய் மேஸ்திரியானார்.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கூட நிற்கிறவனுக்கு ஒரு குறை இருந்தால் அதை மூடி மறைக்கப் பாடுபடாதீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். அன்று ரயிலில் போகும்போது, விஷயம் வெளியே தெரியக்கூடாது முருகா என்றுதான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். முருகன் அந்த வேண்டுதலைத் தள்ளிவிட்டான். அதற்காகவே இன்றைக்கும் அவனுக்கு ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.