அக்காவின் கை உறையாமல் இருக்க

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ரௌட்டர் டாக்டர் என்று பெயர். வைத்தது கொழுந்தன். கிண்டலுக்குத்தான் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு வேலை என்னவோ கண்ணாடிக் கடையில். கண் பவர் பார்த்து, லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் உட்கார வைத்துக் கொடுப்பாள். வைஃபை பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை அவளுக்குத் தானாக வரவில்லை. வரவைத்தது புருஷன் வீட்டார்.

புருஷனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனுடைய அக்காவுக்கும் அப்படியே. அக்கா கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். அக்காவும் தம்பியும் வீடியோவில் கையால்தான் பேசிக்கொள்வார்கள். நமக்கென்ன, படம் நின்றாலும் குரல் வரும், "ஹலோ ஹலோ" என்று கத்தியாவது சமாளிப்போம். அவர்களுக்குப் படம் உறைந்தால் பேச்சே போச்சு. அக்காவின் கை அந்தரத்தில் நிற்கும், தம்பி திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மொபைலில் பேசலாமே என்பீர்கள். வீடு கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளம். கேட்டுக்கு வெளியே போய் நின்றால்தான் சிக்னலே வரும், அதுவும் வீடியோவைத் தாங்காது.

பெட்டியைச் செய்த கம்பெனியோ அந்த மாடலை எப்போதோ கைகழுவிவிட்டது. அவள் விடுவாளா? இணையத்தில் யார் யாரோ எழுதியதைத் தேடிப் படித்தாள். கம்பெனி போட்ட மென்பொருளை எடுத்துவிட்டு, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய வேறொன்றைப் பெட்டிக்குள் ஏற்றினாள். அதில்தான் அவள் நினைத்தது நடந்தது. நெட்டின் வேகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து வைத்தாள். அப்படிச் செய்தால் நெரிசல் நெட் கொடுக்கும் கம்பெனிக்காரன் வாசலில் நிற்காமல் நம் வீட்டுக்குள்ளேயே வரிசையில் நிற்கும். நம் வீட்டு வரிசையில் யாரை முன்னால் விடுவது என்று நாமே சொல்லிக்கொள்ளலாம். அக்காவின் வீடியோ முதலில், கொழுந்தன் டவுன்லோடு போடும் சினிமாக்கள் கடைசியில்.

"இது அநியாயம் அண்ணி," என்பான் கொழுந்தன்.

"ஆமா, அநியாயம்தான். போய் வரிசையில நில்லு."

கடையில் கண் பார்க்கும்போது ஒரு லென்ஸை மாற்றுவாள், "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பாள், பிறகுதான் அடுத்தது. பெட்டியையும் அப்படித்தான் பார்ப்பாள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தொடுவாள். அந்தப் பொறுமை எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அப்பேர்ப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை சறுக்கினாள். அன்று மதியம் அக்கா பேசுவதாக இருந்தது. சும்மா பேச்சு இல்லை. அக்காவின் வலது மணிக்கட்டில் ஒரு கட்டி, மறுநாள் ஆபரேஷன். விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கைதான் அக்காவுக்கு வாய். இன்றைக்குப் படம் துளிகூட நிற்கக் கூடாது என்ற பதற்றத்தில், அந்த மென்பொருளில் புதிதாக வந்திருந்த பதிப்பைக் காலையிலேயே ஏற்றிவிட்டாள். அதிலும், பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்புகள் போய்விடக் கூடாதென்று "பழையவற்றை அப்படியே வை" என்ற கட்டத்தில் டிக் போட்டாள். வினையே அங்கேதான். புதிய பதிப்பில் உள்ளே ஏகப்பட்ட மாற்றம். பழைய அமைப்பு அதோடு ஒட்டவில்லை. விளக்கு எரிந்தது, வைஃபை வரவில்லை, பெட்டி கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்கவில்லை.

புருஷன் வாசலில் நின்று கையை அசைத்தான். "செத்துடுச்சா?"

"மயக்கம்தான்," என்று கையாலேயே சொன்னாள்.

லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு ஒயரைக் குத்தினாள். மின்சாரத்தை அணைத்துப் போட்டாள். தொடக்கத்தில் விளக்கு ஒரு மூச்சு நேரம் படபடவென்று துடிக்கும். அப்போது ரீசெட் பொத்தானை அழுத்தினால் பின்வாசல் மாதிரி ஒரு வழி திறக்கும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. திரும்பத் திரும்பத் தவறவிட்டாள். "சனியனே!" என்று பெட்டியைத் திட்டினாள். கடைசியில் பொத்தானைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளக்கை மட்டும் பார்த்தாள். துடித்தது, அழுத்தினாள், திறந்தது.

"பழைய அமைப்போட பேக்கப் இருக்குல்ல அண்ணி? அதைத் தூக்கிப் போடுங்களேன்."

"போட்டா அதே நோய்தான் திரும்பி வரும். எல்லாத்தையும் அழிக்கணும்."

அத்தனை வருஷ உழைப்பு. ஆனாலும் அழித்தாள். பிறகு ஒவ்வொன்றாக வைத்தாள்: முதலில் நெட் கணக்கு, அடுத்து வைஃபை, கடைசியில் அந்த வரிசை. ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்திச் சோதித்துப் பார்த்தாள். நேரமாகிறது என்று கொழுந்தன் பறந்தான், அவள் அசைந்து கொடுக்கவில்லை. காலையில் போன நிதானம் திரும்பி வந்திருந்தது.

அக்கா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். கண்ணாடி போலப் படம். தம்பி முகம் மலர்ந்து போயிற்று. கொஞ்ச நேரம் இரண்டு பேருடைய கைகளும் பறந்தன.

பிறகு அக்காவின் கை வேகம் குறைந்தது. ஒரு வார்த்தையின் பாதியில் அப்படியே நின்றது. மெல்ல நகர்ந்து மறுபடியும் நின்றது.

புருஷன் சட்டென்று திரும்பினான். "மறுபடி உறையுது!"

"நான் எதையும் தொடலை அண்ணி, சத்தியமா!" என்றான் கொழுந்தன்.

அவள் லேப்டாப்பில் நெட் வேகத்தைக் காட்டும் கோட்டைப் பார்த்தாள். துளி ஏற்ற இறக்கம் இல்லை. திரையைப் பார்த்தாள். அக்காவுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா கண் சிமிட்டினாள். கைதான் நின்றிருந்தது, அதுவும் இடது கை.

"பெட்டியில ஒண்ணும் இல்லை," என்று புருஷனிடம் கையால் சொன்னாள். "அக்கா இடது கையால பேசிப் பழகுறாங்க."

அவன் கைகள் மடியில் விழுந்தன. அப்புறம் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, இடது கையைத் தூக்கி ஏதோ சொல்லத் தொடங்கினான். குழந்தை எழுதுவது மாதிரி கோணல்மாணல்.

அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். "உன் கை என் கையைவிட மோசம்டா," என்றாள், இடது கையால், திக்கித் திணறி. ஒரு விரல் அசைவுகூட விடுபடாமல் திரைக்கு வந்து சேர்ந்தது.