இரண்டு கழகங்களுக்கு ஒரு பச்சைச் சட்டை

கனடாவுக்கு வருவதற்கு முன்னர் ஒன்பது வருடங்கள் பிரான்சில் இருந்தேன். அப்படிச் சொன்னதும் எல்லோரும் பாரிஸ் என்றுதான் நினைக்கிறார்கள். நான் இருந்தது வடக்கே, பெல்ஜியம் எல்லைக்குக் கிட்ட, ரயிலால் இறங்கி பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு சின்ன நகரம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த எங்களை அங்கே ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். என்னோடு வந்த மற்றத் தமிழ்ப் பெடியள் ஒரு மாதத்துக்குள் பாரிஸுக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அதனால் நின்றுவிட்டேன்.

அங்கே சமையற்காரர் ஐம்பது வயது கடந்த ஒரு பெரிய மனிதர். வேலை நேரத்தில் அதிகம் பேசமாட்டார். எனக்கும் அப்போது பிரெஞ்சில் சூடு, கத்தி, கெதியாய் என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். இரண்டாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும், ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு என்னையும் வரச்சொல்லிக் கையைக் காட்டினார். இரண்டு தெரு தள்ளி இருந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நகரத்தின் உதைபந்தாட்டக் கழகம் அங்கே விளையாடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பச்சைச் சட்டை.

மைதானத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பார்வையாளர் கூடங்கள். சமையற்காரர் எப்போதும் இடப்பக்கக் கூடத்தில்தான் இருப்பார். கழிவறை வலப்பக்கக் கூடத்தின் அடியில் இருந்தது. இடைவேளைக்கு அவர் அந்தக் கூடத்துக்குள்ளால் போகாமல், மைதானத்தைச் சுற்றி, வெளி வாசலால் போய், ஒரு கஃபேயில் அலுவலை முடித்துக்கொண்டு வருவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்க எனக்குப் பாஷை வர ஒரு வருடம் எடுத்தது.

பிறகு உருளைக்கிழங்கு தோல் சீவும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முன்னர் அந்த நகரத்தில் இரண்டு கழகங்கள். ஒன்று பாதிரியார் பள்ளிக்கூடத்துக் கழகம்; நீலச் சட்டை. மற்றது நெசவாலைத் தொழிலாளர் கழகம், சிவப்பு. பள்ளிக்கூடக் கழகத்தில் ஆட வேண்டுமென்றால் ஞாயிறு பூசைக்குப் போயிருக்க வேண்டும். நெசவாலைக் கழகத்திலோ பூசைக்குப் போனவனைச் சேர்க்கவே மாட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேறு கஃபே, வேறு வேறு பாண் கடை. ஒரு பக்கத்துப் பெடியன் மற்றப் பக்கத்துப் பெட்டையைக் கட்டினால் கலியாண வீட்டில் பாதிக் கதிரை காலியாக இருக்குமாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது இரண்டு கழகத்திலும் பதினொரு பேர் தேறவில்லை. வேறு வழியில்லாமல் ஒன்றாக்கினார்கள். நீலமா சிவப்பா என்று மூன்று மாதம் சண்டை பிடித்தார்கள். கடைசியில், திறக்கப்படாமலே போன ஏதோ ஒரு ஹோட்டலின் திரைச்சீலைக்காக நெய்த பச்சைத் துணி நெசவாலையில் மிஞ்சிக் கிடந்ததை எடுத்துச் சட்டை தைத்தார்கள். நான் போன காலத்தில் அந்தப் பச்சைக்காக ஆட்கள் அழுதார்கள், அடிபட்டார்கள், பிள்ளைகளைப் பச்சைத் தொப்பியோடு ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனார்கள். அது திரைச்சீலைத் துணி என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் வெட்கப்படவில்லை. கூடங்கள் மட்டும் பிரிந்தே இருந்தன: இடப்பக்கம் பழைய சிவப்பு, வலப்பக்கம் பழைய நீலம்.

சமையற்காரருடைய தகப்பன் சிவப்புக் கழகத்தின் கோல்காப்பாளராக இருந்தவர். ஒன்றாக்கியதை அவர் ஏற்கவில்லை. இனி அந்த மைதானத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஆட்டமுள்ள ஒவ்வொரு ஞாயிறும் முகம் வழித்து, கழுத்தில் ரை கட்டி, மைதானத்துக்குப் போய் மதிலுக்கு வெளியே நிற்பார். உள்ளே எழும் சத்தத்தை வைத்தே யார் கோல் போட்டது, எந்தப் பக்கத்தில் போட்டது என்று சொல்லிவிடுவாராம். இருபது வருடத்துக்கு மேல், சாகும்வரை அப்படி நின்றார்.

“நான் உள்ளே இருப்பேன், அவர் வெளியே நிற்பார். ஒருநாளும் நான் எழும்பிப்போய்க் கூப்பிடவில்லை. வரமாட்டார் என்று நானே முடிவுசெய்துவிட்டேன்” என்றார் சமையற்காரர். தலையை நிமிர்த்தவில்லை. பிறகு பெரிய சட்டியை எடுத்துத் தரச்சொன்னார்.

நான் இருந்த காலம் கழகத்துக்கு இறங்குமுகம். ஒரு காலத்தில் முதற்பிரிவில் ஒரு வருடம் ஆடியவர்கள். நெசவாலை மூடப்பட்ட பிறகு கீழே கீழே போனார்கள். நான் வெளிக்கிட்ட வருடம் நாலாம் பிரிவுக்கு இறங்கினார்கள். அந்தக் கடைசி ஆட்டம் முடிந்ததும் இரண்டு கூடத்துச் சனமும் புல்லுக்குள் இறங்கிப் பாட்டுப் பாடியது. சமையற்காரர் ஒரு வலப்பக்கத்துக் கிழவனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நானும் பாடினேன். எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று கேட்காமல், எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று மட்டும் என்னைக் கேட்ட இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

பிறகு கலியாணம் பேசி ரொறன்ரோவுக்கு வந்தேன். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் வேலை, ரூஜில் வீடு, இரண்டு பிள்ளைகள். சனி ஞாயிறுகளில் இன்னமும் போனில் அந்தக் கழகத்தின் முடிவைப் பார்க்கிறேன். “உந்தப் பச்சையை இன்னும் விடேல்லையோ” என்று மனைவி கேட்பாள்.

நாங்கள் விட்டுவந்த எங்கள் ஊரின் பெயரிலும் இங்கே ஒரு கழகம் இருக்கிறது. அதில் நான் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கோடையில் நடக்கும் ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் ஆடுவோம். பக்கத்து ஊருக்கும் ஒரு கழகம். நாட்டில் இருந்த நாளிலிருந்தே இரண்டுக்கும் ஆகாது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பகை தெரியாது. பந்தடிக்க வருவதும் குறைந்துவிட்டது. போன வருடம் எங்களிடம் எட்டுப் பேர், அவர்களிடம் ஏழு பேர். சேர்ந்து ஆடலாம் என்று பேச்சு வந்தது.

அதை எதிர்த்தவர் அவர்கள் கழகத்தை ரொறன்ரோவில் தொடங்கிய ஒரு அண்ணை. எழுபது கடந்தவர், முன்னர் ட்ரக் ஓடியவர், இப்போது ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறார். முப்பது வருடமாக ஆட்டம் முடிந்ததும் எல்லா ஜேர்சியையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்துக்கொண்டு வருபவர் அவர்தான்.

ஒரு சமூக நிலைய அறையில் கூட்டம் நடந்தது. என்னைப் பேசச்சொன்னார்கள். நான் அந்தப் பிரெஞ்சுக் கழகத்தின் கதையைச் சொன்னேன். மதிலுக்கு வெளியே நின்ற மனிதரையும் சொன்னேன். அதைக் கேட்டு அண்ணை மனம் மாறுவார் என்று ஒரு நினைப்பு.

அண்ணை எழும்பினார். “அந்த மனிசன் செய்தது சரி. நானும் அப்பிடித்தான் செய்வன்” என்றார். கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

வாக்கெடுப்பில் சேருவது என்று முடிவானது. திருவுளச்சீட்டுப் போட்டதில் பெயர் எங்களுடையது, நிறம் அவர்களுடைய மஞ்சள். என் மனம் சரியாக இல்லை. அவருக்கு எதிராக ஒரு கதையை எடுத்து வீசிவிட்டேன் என்று பட்டது.

முதல் ஆட்டம் ஜூனில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். பாதி ஆட்டத்தில் திரும்பிப் பார்த்தபோது, வேலிக்கு அப்பால் தெருவோரத்தில் அண்ணையின் வெள்ளை வான் நின்றது. கண்ணாடி இறக்கியிருந்தது. எங்கள் குழுவில் நாலைந்து பேர் கண்டுவிட்டார்கள். “விடுங்கோ, அவர் வரமாட்டார்” என்றார் ஒருவர். நான் கழகத்துப் பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பி ஊற்றிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

அண்ணை என்னைக் கண்டதும் ரேடியோவை நிறுத்தினார். “இஞ்சால ஒரு அலுவல் இருந்தது” என்றார். ஞாயிற்றுக்கிழமை, சுற்றிவர ஒரு கடைகூட இல்லாத தெரு அது.

“அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. உங்களைக் கூப்பிடத்தான் வந்தனான்.”

அவர் கோப்பியை வாங்கி ஒரு மிடறு குடித்தார். “இண்டைக்கு இல்லைத் தம்பி” என்றார். “ஆனா நீர் வந்து கேட்டனீர். அதுவே எனக்குக் காணும்.” மற்றப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். மிச்ச ஆட்டத்தை வானுக்குள் இருந்தே பார்த்தோம். அந்தச் சமையற்காரரின் தகப்பனைப் பற்றித் துருவித்துருவிக் கேட்டார். மழைக்கும் நிற்பாரோ, ஆரும் குடை குடுக்கேல்லையோ, பெண்சாதி ஒண்டும் சொல்லேல்லையோ என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். கூட்டத்தில் அந்தக் கதையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் எங்கள் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனைத் திட்டினார்.

இரண்டாவது ஆட்டத்துக்கும் வான் வந்தது. நான் திரும்பவும் போனேன். மூன்றாவது ஆட்டத்தில் இறங்கி வேலியில் சாய்ந்து நின்றார். அவருடைய பெயர் எழுதிய புது ஜேர்சியை நீட்டினோம்; வாங்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஊத்தை ஜேர்சிகள் நிறைந்த பையைத் தூக்கி வானுக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுகிழமை மடித்துக் கொண்டுவந்தார்.

காலிறுதியில் பெனால்ரியில் தோற்றோம். இலையுதிர் காலத்தில் வருடாந்தப் பொதுக்கூட்டம் நடந்தது. அண்ணை வந்து கடைசி வரிசையில் இருந்தார். செயலாளர் அறிக்கையை வாசித்து முடித்ததும் கையை உயர்த்தினார். அதில் தங்கள் கழகம் ரொறன்ரோவில் எப்படித் தொடங்கியது என்று ஒரு வரியும் இல்லை, அதையும் சேர்க்க வேண்டும் என்றார். என்ன எழுத வேண்டும் என்று செயலாளர் கேட்டார். அண்ணை எழும்பி நின்று சொல்லத் தொடங்கினார்: முதல் பந்தை யார் வாங்கியது, எந்தப் பூங்காவில் விளையாடியது, பொலிஸ் வந்து ஏன் கலைத்தது, முதல் கோலை யார் போட்டது. அரை மணித்தியாலம் பிடித்தது. ஒருவரும் இடைமறிக்கவில்லை. செயலாளர் எல்லாவற்றையும் எழுதினார்.