இலையில் கறி எடுத்து வைக்க ஓர் ஆள்

பரிமாறுகிற வேலையில் இலையைப் பார்ப்பது பாதி, முகத்தைப் பார்ப்பது பாதி. மலாயாவில் குளுவாங் ரயிலடியில், பாயின் சாப்பாட்டுக் கடையில் சாம்பாருக்கும் ஆட்டுக்கறிக்கும் நடுவே ஓடுகிறவன் நான். யார் என்ன கேட்டாலும் அவர் குரலிலேயே அடுக்களைக்குச் சொல்வேன். திட்டு வாங்குவதும் அதற்குத்தான். வாளி தூக்கிய சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

சாந்தம் தரும் சாம்பார்

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், கறி ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது என்று சைவத்துக்கு மாறினார். மூன்றாம் நாள் சாம்பாரில் புளி தூக்கலாகிவிட்டது. கிண்ணம் பறந்து சுவரில் மோதியது. மூக்கால் பேசும் அவர் குரலிலேயே, "ஐயாவுக்கு இன்னும் ஒரு கரண்டி சாந்தம்!" என்று கத்தினேன். கடையே சிரித்தது. கிராணி இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு ஆட்டுக்கறி எடுத்து வை. எப்படியும் கோபம் வருது, ருசியாவது இருக்கட்டும்!"

நான் பார்த்த வைத்தியம்

ரயில்வே கேட்காரர் முத்துசாமி அண்ணனின் மனைவி காய்ச்சலில் போய் நாலு மாதம். முன்பு கறி இல்லாமல் கை நனைக்க மாட்டார். இப்போது ரசஞ்சோறு, அதிலும் பாதி இலையிலேயே கிடக்கும். பேச்சும் குறைந்துவிட்டது. ஒருநாள் ரயில் வருவது தெரியாமல் கேட்டைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். மாட்டுவண்டிக்காரன் கத்தியதால் வண்டி தப்பியது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்றார் ரயில்வே துரை.

கறியை விட்டதால் வந்த சோர்வு என்று முடிவுகட்டினேன். ஜாவாக்காரம்மா விற்கிற தெம்பே, அதாவது சோயா பயறைப் புளிக்கவைத்த கட்டி, அதைக் கறி மசாலாவில் புரட்டி, "ஆட்டுக்கறி அண்ணே!" என்று இலையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டார். "விளையாட்டுக்குண்ணே, வெறும் பயறு! உங்க விரதம் கெடல," என்றேன்.

"விரதம்னு நான் எப்படா சொன்னேன்? எடுத்து வைக்க ஆளில்லடா தம்பி."

பாயின் கரண்டி

அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. அவர்கள் குல வழக்கத்தில், காரியம் முடிந்ததும் இறந்தவளின் அண்ணனோ தம்பியோ வந்து கணவன் இலையில் கறி வைக்க வேண்டும். அதுவரை துக்கம் தீராது. மச்சான்மாரெல்லாம் சேலத்தில், யார் கப்பலேறி வருவார்? நாங்களோ மனிதர் சாமியாராகிவிட்டார் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

பாயிடம் சொன்னேன், யார் குரலும் போடாமல். அவர் கல்லாவை விட்டு எழுந்து, கை கழுவி, தானே கறிச்சட்டியைத் தூக்கி வந்தார். "உங்க வீட்டம்மா என்னை வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிட்டது பொய்யா? சாப்பிடுங்க மச்சான்."

முத்துசாமி அண்ணன் இலையைப் பார்த்தபடி வெகுநேரம் அழுதார். பிறகு ஒரு துண்டை எடுத்து மென்றார். பாயை நிமிர்ந்து பார்த்தார்.

"கறி வேகல மச்சான்."

மனதுக்கு நல்லது கறியா காயா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட் இப்போது நேரத்துக்கு மூடுகிறது, எங்கள் கறிக்குத்தான் பாயின் மச்சான் வாயிலிருந்து தினம் ஒரு குறை.